வாசல் கேட்டும் பிள்ளைகளும்: கேமரன் மலைத் தோட்டக் குடும்பங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

கேமரன் மலையில் பிள்ளைகளுக்கு என்ன ஆபத்து என்று கேட்டால், மலைப்பாதையின் வளைவுகள், மழைக்காலத்து மண்சரிவு, ஓடையில் திடீரென்று ஏறும் வெள்ளம் என்று பெரியவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். வீட்டு வாசலில் நிற்கும் இரும்புக் கேட்டை அந்த வரிசையில் யாரும் சேர்ப்பதில்லை. காவலுக்கு வைத்த பொருள் காக்கும் என்றே நினைக்கிறோம். ஆனால் தானாகத் திறந்து மூடும் கதவுகளிலும், சக்கரத்தில் ஓடும் கனமான கேட்டுகளிலும் சிக்கிப் பிள்ளைகள் இறந்த செய்திகள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகளில் பதிவாகி வருகின்றன. மலேசிய நாளேடுகளிலும் வீட்டுக் கேட்டோ பள்ளிக் கேட்டோ விழுந்து பிள்ளை இறந்த செய்தி பலமுறை வந்திருக்கிறது.

மேலைநாட்டு வீடுகளில் இந்தப் பிரச்சினை கார் கொட்டகைக் கதவின் வடிவில் இருக்கிறது. மலேசியாவில் கார் பெரும்பாலும் வீட்டு முன்புறப் போர்ச்சில் நிற்கிறது. அதை அடைத்துக் காப்பது கேட். ஆகவே நமக்குரிய கேள்வி தள்ளு கேட், ஆட்டோ கேட், கடைவீட்டு ரோலர் ஷட்டர், அவற்றின் வழியே நுழைந்து வெளியேறும் வாகனம் ஆகியவற்றைப் பற்றியது. இவை பிள்ளைகளை எப்படிக் காயப்படுத்துகின்றன, மற்ற நாடுகள் இதிலிருந்து என்ன கற்றன, மலைநாட்டுச் சூழல் இதை எப்படிக் கடினமாக்குகிறது, பொறுப்பு யாருடையது என்ற நான்கையும் இக்கட்டுரை ஆராய்கிறது. அதன் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பிள்ளை கவனமாக இருக்கும் என்ற நம்பிக்கையின் மேல் எந்தக் கதவையும் நிறுத்தக் கூடாது. பிள்ளை தவறு செய்தாலும் அதன் உயிர் போகாதபடி கதவு அமைந்திருக்க வேண்டும்.

லயத்திலிருந்து தாமானுக்கு

1885-இல் நில அளவைக்காக வந்த வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கிய மலை இது. 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்டு ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. காட்டை வெட்டி, சரிவுகளைத் திருத்தி, கன்று நட்டு, கொழுந்து பறித்த உழைப்பில் தமிழர்களின் பங்கு மிகப் பெரிது. ரிங்லெட் பக்கம் போ, பிரிஞ்சாங்குக்கு மேலே சுங்கை பாலாஸ், வடக்கே புளூ வேலி என்று தோட்டந்தோறும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயமும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் எழுந்தன.

லயத்து வீட்டுக்குத் தனிக் கேட் கிடையாது. வாசல் எல்லாருக்கும் பொது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்குக்குப் போகும் தாய் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனாள். நடக்கத் தெரிந்த பிள்ளைகள் லயத்து வாசலிலேயே விளையாடின. வேலையிலிருந்து ஓய்ந்த பாட்டிகள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். எந்த வீட்டுப் பிள்ளையானாலும் அதட்டி இழுத்து உட்கார வைக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. லயத்து வாழ்க்கையை அழகுபடுத்திச் சொல்ல வேண்டியதில்லை. நெருக்கடியும் குறைந்த கூலியும் அங்கே பல பிள்ளைகளின் நலத்தைக் கெடுத்தன. ஆனாலும் பிள்ளைகள் மேல் எப்போதும் சில கண்கள் இருந்தன என்பது உண்மை.

இன்று கொழுந்து பறிக்கும் வேலையில் பெரும்பகுதியைப் பங்களாதேஷ், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் செய்கிறார்கள். தோட்டத்தில் பிறந்த தமிழ்க் குடும்பங்களில் பல ரிங்லெட், தானா ராத்தா, கம்போங் ராஜா தாமான் என்னும் குடியிருப்புகளுக்கும், மலைக்குக் கீழே தாப்பா, ஈப்போ வட்டாரங்களுக்கும் வந்துவிட்டன. தாயும் தந்தையும் ஹோட்டலிலோ காய்கறித் தோட்டத்திலோ அரசாங்க அலுவலகத்திலோ வேலை பார்க்கிறார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய வீட்டுக்கு முதலில் போடுவது கேட். கொஞ்சம் வசதி வந்ததும் அதற்கு மோட்டார். மழையில் நனைந்துகொண்டு இறங்கிக் கேட் திறக்க வேண்டாம் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் லயத்து வாசலில் இருந்த கண்களின் இடத்தைக் கேட் பிடித்துக்கொண்டபோது, அது பிள்ளைக்கு என்ன செய்யும் என்று நாம் கேட்கவில்லை. இயந்திரம் ஒன்று வீட்டுக்குள் வந்தது. அந்த இயந்திரத்துக்குரிய ஒழுங்கு அதனோடு வரவில்லை.

எந்தக் கதவு எப்படிக் காயப்படுத்துகிறது

முதலில் தள்ளு கேட். நாலு மீட்டர் அகலமுள்ள இரும்புத் தள்ளு கேட்டின் எடை எளிதாக 200 கிலோவைத் தொடும். ஆறு வயதுப் பிள்ளையின் எடை சுமார் 20 கிலோ. இவ்வளவு கனமான கேட் கீழே இரண்டு சக்கரத்தின் மேல் மட்டுமே நிற்கிறது. அது பக்கவாட்டில் சாயாமல் பிடித்திருப்பவை தூணின் மேற்பகுதியில் உள்ள வழிகாட்டி உருளைகள். ஓட்டத்தின் இரு முனையிலும் கேட் அளவுக்கு மேல் போகாமல் நிறுத்துபவை கடைத்தடுப்புகள். உருளையைத் தாங்கும் கம்பி வளைந்துவிட்டாலோ, வெல்டிங் துருவேறி விட்டுப்போனாலோ, கடைத்தடுப்பு இல்லாமலே போனாலோ, கேட் உருளைகளை விட்டு வெளியேறும். அந்த நொடியில் அதை நிற்க வைக்க எதுவும் இல்லை. பெரும்பாலும் தள்ளிக்கொண்டு போனவர் மேலேயே அது சாயும். ‘பாப்பா, கேட்டைச் சாத்து’ என்று பெரியவர் ஏவிய நேரமாகக்கூட அது இருக்கலாம்.

மோட்டார் பழுதாகிக் கழற்றிய பிறகு வரும் நாட்கள் மிக ஆபத்தானவை. மோட்டாரின் பல்சக்கரமும் அதன் நிறுத்து விசையும் அதுவரை கேட்டை எல்லைக்குள் வைத்திருக்கும். அதை எடுத்துவிட்டுக் கையால் தள்ளும்போது, கடைத்தடுப்பு இல்லாத கேட் தடையில்லாமல் ஓடி வெளியே வந்துவிடும். பழுது பார்க்க ஆள் வரும்வரை இப்படியே ஓட்டலாம் என்று நினைக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது ஆட்டோ கேட். இங்கே ஆபத்து நசுங்குவதில் இருக்கிறது. தள்ளு கேட் மூடும் முனைக்கும் தூணுக்கும் இடையில், கேட்டின் கம்பிகளுக்கும் அதை ஒட்டி நிற்கும் சுவருக்கும் இடையில், உள்பக்கம் விரியும் இறக்கைக் கேட்டுக்கும் போர்ச் சுவருக்கும் இடையில், கீல் இருக்கும் இடுக்கில் என்று ஒரே கேட்டில் பல சிக்குமிடங்கள் உண்டு. கம்பிக்கு நடுவே கையை நீட்டி அடுத்த பக்கத்துப் பூனையைத் தொடும் பிள்ளைக்குக் கேட் நகரத் தொடங்கியது தெரியும்போது கையை இழுக்க நேரம் இருக்காது. கேட்டில் ஏறி நின்று அது ஓடும்போது கூடவே போவது பிள்ளைகளுக்கு விருப்பமான விளையாட்டு. ரிமோட்டை அழுத்துபவர் பெரும்பாலும் காருக்குள் இருக்கிறார். தூணுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை அவர் கண்ணில் படாது.

மூன்றாவது ரோலர் ஷட்டர். தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் கடைவீடுகளின் கீழே வியாபாரமும் மேலே குடும்பமும் இருக்கின்றன. காலையில் ஷட்டர் ஏறும்போது அதன் அடிப்பட்டையைப் பிடித்துத் தொங்கும் பிள்ளை உருளைப்பெட்டி வரை தூக்கிச் செல்லப்படும். விரலும் கையும் பட்டைகளோடு சுருளுக்குள் போகும். இறங்கும்போது அடியில் நுழைந்து ஓடுவது இன்னொரு பழக்கம். ஷட்டரைச் சமன்படுத்தும் சுருள்வில்லில் பெரும் விசை அடைபட்டிருக்கிறது. வில் அறுந்தால் முழு எடையும் கீழே வரும். ஆகவே அதை வீட்டாரே கழற்றிப் பார்ப்பது தகாது.

நான்காவது சாதாரணக் கதவும் மடிப்புக் கேட்டும். இவை உயிரைப் பறிப்பது அரிது. ஆனால் சிறு பிள்ளைகளின் விரல்நுனிக் காயங்களில் பெரும்பகுதி கதவிடுக்கில் நேர்வதுதான். கீல் பக்கத்து இடுக்கை மூடும் ரப்பர் பட்டையோ, கதவு முழுதாகச் சாத்தாமல் தடுக்கும் நுரைக்கட்டையோ சில ரிங்கிட்டில் இதைத் தடுத்துவிடும்.

பிள்ளையின் உடலும் மனமும்

பெரியவரைத் தள்ளிவிட்டு நிற்கும் கேட் பிள்ளையை ஏன் கொல்கிறது? பிள்ளையின் நெஞ்சுக்கூடு வளையும் தன்மை கொண்டது. அழுத்தம் வந்தால் முறியாமல் வளைந்து, அதை உள்ளிருக்கும் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் கடத்திவிடும். வெளியே காயமே தெரியாமல் மூச்சு நின்றுபோகலாம். நெஞ்சு நசுங்கியபடி இருந்தால் கத்தவும் முடியாது. மூளைக்குப் பிராணவாயு கிடைக்காமல் நாலைந்து நிமிடம் போனாலே மீளாத சேதம் தொடங்கிவிடுகிறது. வீட்டுக்குள் டிவி பார்க்கும் பாட்டிக்கு வெளியே நடப்பது கேட்காமலே எல்லாம் முடிந்துவிடும்.

மனத்தைப் பொறுத்தவரை, ஏழெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நகரும் பொருளின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் திறன் முழுதாக வளர்ந்திருப்பதில்லை. ‘கேட்டுப் பக்கம் போகாதே’ என்றால் தலையாட்டும். பந்து உருண்டதும் மறக்கும். அது கீழ்ப்படியாமையாகாது, வயதின் இயல்பு. பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும். ஆனால் அந்தச் சொல்லையே பாதுகாப்புக் கருவியாக எண்ணிவிடக் கூடாது.

மற்ற நாடுகள் கற்ற பாடம்

இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் கற்ற நாடு அமெரிக்கா. 1982 மார்ச் முதல், 2 முதல் 14 வயது வரையுள்ள சுமார் 60 பிள்ளைகள் தானியங்கிக் கார் கொட்டகைக் கதவின் கீழ் சிக்கி இறந்ததாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கை வெளியிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ நாலு பிள்ளைகள். பெற்றோரைத் திட்டுவதோடு அந்நாடு நிற்கவில்லை. அந்த மரணங்கள் பதிவாகிக்கொண்டிருந்தபோதே, 1990-இல் சட்டம் இயற்றியது. 1991 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார்கள் தடை தட்டுப்பட்டால் திரும்பி மேலேற வேண்டும் என்றானது. 1993 முதல் ஒளிக்கதிர் சென்சாரோ, அதற்கு ஈடான இன்னொரு காவலோ கட்டாயமானது. யூ.எல். 325 என்ற தரம் இதன் அடிப்படை. சென்சாரைத் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்துக்குள் பொருத்த வேண்டும், சுவர்ப் பொத்தானைப் பிள்ளைக்கு எட்டாதபடி ஒன்றரை மீட்டர் உயரத்தில் வைக்க வேண்டும், கதவின் அடியில் கட்டை வைத்து மாதந்தோறும் சோதிக்க வேண்டும் என்ற எளிய விதிகள் அப்படி வந்தவை.

பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டு ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும், ஒரு வாரத்துக்குள், ஐந்து வயதும் ஆறு வயதுமான இரண்டு சிறுமிகள் குடியிருப்புகளின் மின்கேட்டுகளில் நசுங்கி இறந்தார்கள். ஒன்று மான்செஸ்டரில், மற்றொன்று வேல்ஸின் பிரிட்ஜெண்டில். பிரிட்ஜெண்டு வழக்கில் கேட் மூடும் விசை முறையாக அளந்து கட்டுப்படுத்தப்படவில்லை என்பது வெளிவந்தது. கேட்டைப் பொருத்திய நிறுவனத்துக்கும் பராமரித்த நிறுவனத்துக்கும் 2014-இல் நீதிமன்றம் அபராதம் விதித்தது. பிள்ளை ஏன் அங்கே போனது என்பதைவிட, அங்கே வரும் பிள்ளையைக் கேட் ஏன் நசுக்கியது என்பதே கேள்வியானது.

அங்கே பின்பற்றப்படும் ஈ.என். 12453 என்ற ஐரோப்பியத் தரம், இடுக்கு குறுகும் கடைசிக் கட்டத்தில் கேட்டின் அழுத்தம் 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்கிறது. அதாவது 40 கிலோ எடை அழுத்தும் அளவு. முக்கால் நொடிக்குள் அதுவும் 150 நியூட்டனுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. விசைமானி வைத்து அளந்தால்தான் தெரியும்.

இந்தியாவில் ஆபத்து வேறு உருவில் வருகிறது. அங்கே மோட்டாரைவிடக் கையால் தள்ளும் கேட்டே எமனாகிறது. 2024 ஜூலைக் கடைசியில் புணே அருகே பிம்ப்ரி-சிஞ்ச்வட்டில் நாலு வயதுகூட நிறையாத சிறுமி மேல் தள்ளு கேட் சாய்ந்தது. கேட்டைத் தள்ளியது இன்னொரு சிறு பிள்ளை. 2025-இல் சென்னை நங்கநல்லூரில், பள்ளியிலிருந்து வந்து கேட்டைச் சாத்த முயன்ற சிறுமி அதன் கீழ் சிக்கி இறந்தாள். இரண்டிலும் விலை உயர்ந்த தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. கேட் ஓட்டத்தை விட்டு வெளியேறாமல் தடுக்கும் உறுதியான இரும்புத் துண்டு இருந்திருந்தால், அந்தப் பிள்ளைகள் இன்று பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

மலையின் சூழல் சேர்க்கும் ஆபத்து

கடல் மட்டத்துக்கு மேல் 1,100 மீட்டரிலிருந்து 2,000 மீட்டர் வரை உயரும் இந்த மலையில் ஆண்டு முழுதும் ஈரம். மழை நின்றாலும் மூடுபனி நனைக்கும். சமவெளியில் பத்தாண்டு தாங்கும் வெல்டிங் இங்கே அதற்கு முன்பே உள்ளுக்குள் அரித்துவிடும். மேலே பூசிய பெயிண்ட் அதை மறைக்கும். சக்கர உருளைகளில் நீர் இறங்கித் துரு பிடித்துக் கேட் திக்கித் திக்கி ஓடும். கேட் கனக்கிறது என்று மோட்டாரின் விசையைக் கூட்டச் சொல்வது வழக்கம். கூட்டிய விசை பிள்ளை மேல் படும்போது, மோட்டார் அதைத் துருவின் தடை என்றே எண்ணித் தள்ளும். கேட் கனத்தால் சக்கரத்தை மாற்ற வேண்டும். விசையை ஏற்றக் கூடாது.

சென்சாரின் கதை இதைவிட வேதனையானது. அதன் கண்ணாடியில் பனித்துளி படிந்தாலோ சிலந்தி வலை கட்டினாலோ ஒளிக்கதிர் அறுபடும். உடனே கேட் மூட மறுக்கும். அது சென்சார் தன் கடமையைச் செய்வது. ஆனால் மழையில் காத்திருக்கும் வீட்டுக்காரருக்கு அது தொல்லையாகத் தெரிகிறது. ஆள் வந்து இரண்டு கம்பியை இணைத்து சென்சாரை ‘பைபாஸ்’ செய்துவிட்டுப் போகிறார். அன்று முதல் கேட் நன்றாக வேலை செய்கிறது. பிள்ளையைப் பார்க்கும் கண் மட்டும் அதற்கு இல்லை. இப்படிப்பட்ட கேட் உள்ள வீட்டார் இதைப் படித்த வாரத்திலேயே அதைத் திரும்ப இணைக்க வேண்டும். கண்ணாடிக்கு மேல் சிறு மறைப்பு வைத்து, வாரம் ஒருமுறை துணியால் துடைத்தால் தொல்லை பெரும்பாலும் தீரும்.

சரிவு மூன்றாவது காரணம். மலைச்சரிவில் வெட்டிய மனையில் தண்டவாளம் சரியாகச் சமமாக இருப்பது அரிது. மின்சாரம் போனதும் சாவி போட்டு மோட்டாரை விடுவித்தால், கேட் தானாகவே சரிவுப்பக்கம் ஓடத் தொடங்கும். விடுவிக்கும் முன் கேட்டைப் பிடித்துக்கொள்ளப் பெரியவர் ஒருவர் வேண்டும். பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

இதோடு தூரமும் சேர்கிறது. மலைக்கு ஒரே அரசாங்க மருத்துவமனை தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை. பள்ளி விடுமுறைக் காலத்தில் பிரிஞ்சாங் சாலையில் வாகனங்கள் நகராமல் நிற்பதை இங்குள்ளவர்கள் அறிவார்கள். சுங்கை பாலாஸிலிருந்தோ புளூ வேலியிலிருந்தோ அந்த நெரிசலைத் தாண்டி வர வேண்டும். மூளைக்கு நாலைந்து நிமிடமே அவகாசம் தரும் விபத்துக்கு இங்கே மருத்துவமனையை நம்பியிருக்க முடியாது. தடுப்பது ஒன்றே வழி.

கேட்டுக்கு அப்பால் வாகனம்

கேட்டைப் பற்றிப் பேசிவிட்டு அதன் வழியே வரும் வண்டியை விட்டுவிட முடியாது. பின்னால் எடுக்கும் வாகனத்தில் அடிபடும் பிள்ளை பெரும்பாலும் சொந்த வீட்டுப் பிள்ளை. ஓட்டுபவர் தந்தையோ தாத்தாவோ சித்தப்பாவோ. அமெரிக்காவில் பின்னோக்கி வரும் வாகனங்களால் ஆண்டுக்கு 267 பேர் இறப்பதாகக் கணக்கிட்ட பிறகு, 2018 மே முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் பின்புறக் கேமரா கட்டாயமாயிற்று. நம் மலையில் ஓடுபவை அதற்கு முந்திய வண்டிகளே அதிகம். காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவர், கொழுந்து ஏற்றும் லோரி, ஃபோர் வீல் வண்டி எதுவானாலும் அதன் பின்புறத்தை ஒட்டி நிற்கும் சிறு பிள்ளை ஓட்டுபவரின் கண்ணாடியில் தெரியாது.

லயத்து வாசல் இன்னும் பொது வெளியாகவே இருக்கும் இடங்களில் இந்த ஆபத்து கூடுதல். விளையாடுமிடமும் வண்டி திரும்புமிடமும் அங்கே ஒன்றே. எஞ்சினைக் கிளப்பும் முன் வண்டியை ஒருமுறை சுற்றி வருவது, பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று கண்ணால் கண்டபிறகே நகர்த்துவது, லோரிக்குப் பின்னால் உதவியாள் இறங்கி நின்று கைகாட்டுவது ஆகிய மூன்றும் காசு செலவில்லாத பழக்கங்கள்.

சட்டமும் பொறுப்பும்

மலேசியச் சட்டத்தில் இந்தப் பொறுப்பு பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 33-ஆவது பிரிவு, தக்க கண்காணிப்பில்லாமல் பிள்ளையை விட்டுச் செல்வதைக் குற்றமாக்குகிறது. தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பு பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 446, குறைந்தபட்ச வீட்டு வசதியோடு குழந்தைக் காப்பகத்தைப் பற்றியும் பேசுகிறது. ஆயாக் கொட்டகை நிர்வாகத்தின் தயவால் வந்ததல்ல, சட்டத்தில் இடம்பெற்ற கடமை என்பதைத் தோட்டக் குடும்பங்கள் நினைவில் வைக்க வேண்டும்.

1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, தன் தொழிலாளர் அல்லாதவர்களும் ஆபத்துக்குள்ளாகாமல் தொழிலை நடத்த முதலாளியைக் கட்டுப்படுத்துகிறது. 2024 ஜூன் 1 முதல் அச்சட்டம் நாட்டின் ஏறத்தாழ எல்லாத் தொழிலிடங்களுக்கும் விரிந்தது. தோட்டத்து லோரிக் கொட்டகை, தொழிற்சாலை வாசல், பள்ளிக் கேட், சுற்றுலாக் கடையின் ஷட்டர் ஆகியவற்றின் அருகே வரும் பிள்ளைகளை இந்தக் கடமையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

தனி வீட்டின் கேட் தொழிலிடம் ஆகாது. அங்கே துணை நிற்பது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். பொருளும் சேவையும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்றும், குறைபாடுள்ள பொருளால் நேரும் தீங்குக்கு அதைத் தயாரித்தவரும் இறக்குமதி செய்தவரும் பொறுப்பு என்றும் அது சொல்கிறது. கேட், கதவு மோட்டார்களுக்கென்றே ஐ.இ.சி. 60335-2-103 என்ற அனைத்துலகத் தரம் உண்டு. செங்குத்தாக ஏறி இறங்கும் கார் கொட்டகைக் கதவுகளுக்கு 60335-2-95. ஆட்டோ கேட் வாங்கும்போது நாம் கேட்பது விலை, உத்தரவாதம், எத்தனை ரிமோட் என்பவை. இந்தத் தர எண்ணையும் கேட்டால் விற்பவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பொறுப்பை வரிசைப்படுத்தினால், தயாரிப்பாளரும் பொருத்துபவரும் முதலில் வருகிறார்கள், அடுத்து வீட்டுக்காரர், நிர்வாகம், பிறகு கண்காணிக்கும் பெரியவர், கடைசியில்தான் பிள்ளை. ஒரு மரணம் நேர்ந்ததும் நம்மிடையே இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. ‘பிள்ளை ஏறி விளையாடிச்சு’, ‘பாட்டி பார்க்கலை’ என்று பேச்சு முடிந்துவிடுகிறது. கடைத்தடுப்பு இல்லாத கேட்டைச் செய்து மாட்டிவிட்டுப் பணம் வாங்கிப் போனவரின் பெயர் அங்கே எழுவதில்லை. பேரப்பிள்ளையைப் பறிகொடுத்த பாட்டி மேல் பழியையும் ஏற்றுவது கொடுமை. அடுத்த வீட்டுக் கேட்டும் அப்படியே நிற்பதால் அது பயனற்றதும்கூட.

செய்ய வேண்டியவை

தள்ளு கேட் உள்ள வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது கடைத்தடுப்பு. இரு முனையிலும் தரையிலோ தூணிலோ உறுதியாகப் பதித்திருக்க வேண்டும். பெரியவர் வேகமாகத் தள்ளினாலும் கேட் அதைத் தாண்டக் கூடாது. வழிகாட்டி உருளைகள் இரண்டும் இருக்கின்றனவா, அவற்றைத் தாங்கும் கம்பி ஆடுகிறதா, வெல்டிங்கில் பழுப்பு நிறக் கசிவு தெரிகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கார் லேசாக இடித்திருந்தாலும் அன்றே பார்க்க வேண்டும். கேட்டில் ஏறக் கால்வைக்க வசதியான குறுக்குக் கம்பிகள் இருந்தால் உள்பக்கம் தகடு அடிப்பது நல்லது. கை நீட்டும் இடைவெளியையும் அது மூடிவிடும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கேட் திறக்கவோ சாத்தவோ ஏவக் கூடாது.

ஆட்டோ கேட்டுக்கு மாதம் ஒரு சோதனை போதும். மூடும் பாதையில் தடித்த மரக்கட்டையை நிறுத்திக் கேட்டை மூட விடுங்கள். தொட்டதும் நின்று திரும்பினால் சரி. தொடர்ந்து தள்ளினால் அன்றே மோட்டாரை நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள். சென்சாருக்கு முன் அட்டைப்பெட்டி ஒன்றை நீட்டியும் பாருங்கள். கையையோ காலையோ வைத்து யாரும் சோதிக்கக் கூடாது. கேட் முழுதாக நிற்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்ப்பதும், கேட் தெரியாத இடத்திலிருந்து ரிமோட்டை அழுத்தாமலிருப்பதும் பழக்கமாக வேண்டும். கூரிய கத்தியைப் பிள்ளைக்கு எட்டாமல் வைப்பதுபோல ரிமோட்டையும் வைக்க வேண்டும். அழுகிற குழந்தைக்கு விளையாடக் கொடுக்கும் பொருள் அல்ல அது.

ரோலர் ஷட்டருக்கு, விரலை எடுத்ததும் நின்றுவிடும் அழுத்துவிசையே ஏற்றது. ஒருமுறை தட்டினால் தானே இறங்கும் அமைப்பாக இருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள்.

மோட்டாரை விடுவிக்கும் சாவி எங்கே இருக்கிறது, எப்படித் திருப்புவது என்பது வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முக்கியமாகத் தாத்தா பாட்டிக்கும் வேலைக்கு வரும் பெண்ணுக்கும். பல ஆட்டோ கேட்டுகளில் துணை பேட்டரி இருப்பதால் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தாலும் கேட் நிற்காது என்பதையும் அவர்கள் அறிய வேண்டும். பிள்ளை சிக்கினால் முதலில் சாவியால் மோட்டாரை விடுவித்துக் கேட்டை விலக்க வேண்டும். விழுந்த கேட்டாக இருந்தால் கூவி ஆள் சேர்த்து ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். பிள்ளைக்கு மூச்சில்லை என்றால் 999-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அழைப்பை எடுத்தவர் சொல்லச் சொல்ல நெஞ்சழுத்தமும் செயற்கைச் சுவாசமும் உடனே தொடங்க வேண்டும். மூச்சிருந்தால் கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் காக்க வேண்டும். வெளிக்காயம் இல்லை, பிள்ளை எழுந்து நடக்கிறது என்றாலும் மருத்துவரிடம் காட்டாமல் விடக் கூடாது. உள்ளுறுப்புக் காயம் பிறகுதான் தெரியவரும்.

குடும்பங்களால் மட்டும் ஆகாதவையும் உண்டு. தோட்ட நிர்வாகங்கள் லயங்களின் அருகே லோரி திரும்புமிடத்தையும் பிள்ளைகள் விளையாடுமிடத்தையும் வேலியிட்டுப் பிரிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆண்டு பராமரிப்பில் பள்ளிக் கேட்டைச் சேர்க்க வேண்டும். காலையில் பிள்ளைகள் வரும் நேரத்தில் கேட்டைத் திறப்பதும் சாத்துவதும் பெரியவர் வேலையாகவே இருக்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகள் தொங்கி ஆடும் கோயில் கேட்டையும் ஆலய நிர்வாகம் மறக்கக் கூடாது. மலையில் கேட் செய்யும் பட்டறைகள் அதிகமில்லை. கடைத்தடுப்பு இல்லாமல் எந்தக் கேட்டும் பட்டறையை விட்டு வெளியே போகாது என்று அவர்கள் உறுதி எடுத்தால், சில ஆண்டுகளில் இந்த மலையின் நிலைமையே மாறிவிடும்.

அரசாங்கம் செய்ய வேண்டியது தெளிவு. அமெரிக்காவில் 1990-களில் வந்ததுபோல, தடை பட்டால் திரும்பும் வசதியும் சென்சாரும் இல்லாத வீட்டுக் கேட் மோட்டார் இந்நாட்டில் விற்பனைக்கு வரக் கூடாது. பொருத்தியவர் விசையை அளந்து, தேதியிட்டு, கையெழுத்திட்ட தாளை வீட்டுக்காரரிடம் கொடுப்பது கட்டாயமாக வேண்டும். பயனீட்டாளர் சங்கங்களும் மலையின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒவ்வொரு வாசலிலும் இருக்கிறது. இன்று வீட்டுக்குப் போனதும் கேட்டின் இரு முனையையும் பாருங்கள். தடுப்பு இல்லையென்றால், அது மாட்டும்வரை பிள்ளைகளை அதன் அருகே விடாதீர்கள். நாளைக்கே ஆளைக் கூப்பிட்டு மாட்டுங்கள். பிறகு பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள்.